பிரமிடுகளும் சாய்வும்

பலகோணம் ஒன்றின் ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் ஒரு முக்கோண முகம் எழுந்து, அவையெல்லாம் ஒரே புள்ளியில் கூடும் திண்ம வடிவம் பிரமிடு ஆகும். அப்புள்ளி உச்சி எனப்படும். அடியின் வடிவத்தைக் கொண்டே முக்கோணப் பிரமிடு, சதுரப் பிரமிடு, ஐங்கோணப் பிரமிடு எனப் பெயரிடுகிறோம். சதுரப் பிரமிடுக்கு முகங்கள் 5, முனைகள் 5, விளிம்புகள் 8. உச்சி, அடியின் மையத்திற்கு நேர்மேலே அமைந்தால் அது நேர்ப் பிரமிடு. விலகினால் சாய்ந்த பிரமிடு. எவ்வகையாயினும், அதே அடியும் உயரமும் உடைய பட்டகத்தின் கனஅளவில் மூன்றில் ஒரு பங்கே பிரமிடின் கனஅளவாகும்.

ஒரே அடியின்மீது வெவ்வேறு உயரங்களில் பிரமிடுகளை எழுப்பலாம். உயரம் மாறினால் முகங்களின் சாய்வும் மாறும். இச்சாய்வின் அருமையை எகிப்தியர் கல்லிலேயே கற்றனர். தாசூரில் மன்னர் சினெபெரு எழுப்பிய பிரமிடு, ஏறத்தாழ 54° சாய்வில் தொடங்கி, இடையில் 43° ஆகக் குறைகிறது. கட்டடம் நிலைகுலையத் தொடங்கியதால் சாய்வைக் குறைத்தனர் என்பது அறிஞர் பலரின் கருத்து. அதனால் அது 'வளைந்த பிரமிடு' எனப்படுகிறது. பின்னர் அங்கேயே அவர் எழுப்பிய 'செம்பிரமிடு', அடிமுதல் உச்சிவரை ஏறத்தாழ 43° சாய்விலேயே உயர்ந்தது.

அவர்தம் மகன் கூபு, கிசாவில் பெரும் பிரமிடை எழுப்பினார். ஏறத்தாழ 230 மீட்டர் பக்கமுள்ள சதுர அடியின்மீது அது 146 மீட்டர் உயர்ந்து நின்றது. 28 விரல் உயர்வுக்கு 22 விரல் உள்வாங்குதல் என்பதே அதன் சாய்வு. இவ்விகிதம் ஒரு முகத்தில் மட்டும் பிறழ்ந்திருப்பினும், நான்கு விளிம்புகளும் அடியின் மையத்திற்கு நேர்மேலே கூடியிரா.