கேட்கும் கருவியும் கேட்போர் கடமையும்

தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டு நோக்கிச் செல்லும் மின்சார இரயிலில் மாலை வேளையில் ஏறி, வண்டலூர், கூடுவாஞ்சேரி, பொத்தேரி முதலிய நிலையங்களைக் கடந்து காட்டாங்குளத்தூரில் இறங்கும் எவரும் ஒரு விஷயத்தைக் கவனியாதிருக்க முடியாது. கலாசாலை மாணவரும், தொழிற்சாலைச் சிப்பந்திகளும், காரியாலயம் விட்டு வீடு திரும்பும் குமாஸ்தாக்களும் காதில் சிறு கருவியைச் செருகிக்கொண்டு, தத்தமக்கென ஒரு தனிக் கச்சேரியில் ஆழ்ந்திருக்கின்றனர். இவர்களுள் சங்கீதப் பித்துக்கொண்ட இருவர் பேசத் தொடங்கினால், பேச்சு பெரும்பாலும் இரண்டு தகராறுகளில் வந்து முடிகிறது. எந்தக் கருவியின் வழியாகக் கேட்பது உத்தமம் என்பது ஒன்று. நடத்தையிலோ கொள்கையிலோ பழிக்கு ஆளான வித்துவானின் பாட்டைக் கேட்கலாமா, தள்ளலாமா என்பது மற்றொன்று.

இவை வெவ்வேறு தகராறுகள் போலத் தோன்றினும், ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது நமது அபிப்பிராயம். பாடுபவருக்கும் கேட்பவருக்கும் இடையே யந்திரம் புகுந்த நாளன்றுதான், பாடகரை விட்டுப் பாட்டை மாத்திரம் பிரித்து வீட்டுக்கு எடுத்துச் செல்லுதல் சாத்தியமாயிற்று. அதற்கு முன் பாட்டு வேண்டுமெனில் பாடகரின் முன்னிலையில் சென்று உட்காரவேண்டும். இன்றோ ஆளைப் பாராமலே குரலை அனுபவிக்கலாம். ஆகவே ஆள் வேறு, குரல் வேறு என்ற வாதத்திற்கு இடம் கொடுத்ததே யந்திரந்தான்.

1877-இல் எடிசன் ஒலியைப் பதிக்கும் யந்திரத்தைக் கண்டுபிடித்தார். 1902-இல் கிராமபோன் கம்பெனியார் கல்கத்தாவுக்கு வந்து நம் நாட்டுப் பாட்டுகளைத் தட்டில் பதிக்கத் தொடங்கினர். ஒரு பக்கத்திற்கு ஏறக்குறைய மூன்று நிமிஷமே கிடைக்கும். மணிக்கணக்கில் ஆலாபனை செய்யும் வித்துவான், மூன்று நிமிஷத்திற்குள் ராகத்தின் ஸ்வரூபத்தைக் காட்ட வேண்டியதாயிற்று. சங்கீதம் கெட்டது என்று அக்காலத்துப் பெரியோர் வருந்தினர். ஆனால் சபைக்கு நுழைவுச்சீட்டு வாங்க வசதியில்லாதவரும், சபைக்குள் அனுமதிக்கப்படாதவரும் முதன்முதலாக நல்ல சங்கீதத்தைக் கேட்டது அந்தத் தட்டினால்தான் என்பதையும் மறத்தலாகாது. 1938-ஆம் வருஷம் ஜூன் 16-ஆம் தேதி சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் திறக்கப்பட்டபின், வானொலிப் பெட்டி இருக்கும் வீட்டுத் திண்ணையெல்லாம் சபையாயிற்று. பிறகு காஸெட் வந்தது. 1982-இல் காம்பாக்ட் டிஸ்க் விற்பனைக்கு வந்தது. இன்று பாட்டு ஆகாயமார்க்கமாகவே கைபேசிக்கு இறங்குகிறது.

பழைய தட்டே மேல் என்பாரும், நவீன முறையே மேல் என்பாரும் சளைக்காமல் சண்டையிடுகின்றனர். காம்பாக்ட் டிஸ்க் ஒலியை விநாடிக்கு 44,100 முறை அளந்து எண்ணாக்கி வைப்பது. எம்.பி.3 என்னும் முறையோ, ஓர் ஒலியில் மறைந்து காதுக்கு எட்டாமற்போகும் மற்ற ஒலிகளைக் கணித்து நீக்கிவிட்டு, எஞ்சியதைச் சுருக்கி வைப்பது. மிகுதியாகச் சுருக்கினால் தம்பூராவின் கார்வையும் கஞ்சிராவின் நுண்மையும் மங்குமென்பது உண்மையே. அளவோடு சுருக்கியதை ஓடும் இரயிலில் கேட்பவர் வேற்றுமை காண்பது அரிது என்பதும் உண்மையே. வீணை தனம்மாளின் மெல்லிய நாதத்தைக் கேட்க ஜார்ஜ் டவுனில் அவர் வீட்டிற்கே சென்று ரசிகர்கள் மூச்சடக்கி அமர்ந்திருந்தனர். அந்த அமைதியை எந்தக் கருவியும் விலைக்குத் தாராது. ஆதலால் கருவியின் விலையைப் பற்றிப் பெருமை பேசுவதைவிடக் கேட்கும் சிரத்தையை வளர்ப்பதே முக்கியம்.

கருவி விஷயத்தில் ஓர் எச்சரிக்கையும் அவசியம். இரயிலின் இரைச்சலை மீறிக் கேட்பதற்காக வாலிபர் பலர் ஒலியை உச்சத்திற்கு ஏற்றுகின்றனர். 80 டெசிபல் அளவுள்ள ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 டெசிபலானால் வாரத்திற்கு 4 மணி நேரமே கேட்கலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தார் கூறுகின்றனர். செவியின் உட்புறத்திலுள்ள நுண்ணிய மயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. நாற்பது வயதில் நிஷாதத்திற்கும் ஷட்ஜத்திற்கும் பேதம் தெரியாமற்போவதற்கு இருபது வயதிலேயே முன்பணம் கட்டுவானேன்? காதில் ஒன்றும் செருகாமல், கைபேசியை உரக்க முழங்கவிட்டு வண்டியிலுள்ளோர் அனைவரையும் தம் கச்சேரிக்குக் கட்டாய ரசிகராக்குவோரைப் பற்றி நாம் அதிகம் கூறவேண்டுவதில்லை. இது சங்கீத விஷயமன்று, மரியாதை விஷயம்.

இனி ஆட்களைப் பற்றிய தகராறுக்கு வருவோம். பழி என்ற ஒரே சொல்லால் நான்கு வெவ்வேறு விஷயங்களைக் குறிக்கிறோம். குழப்பத்திற்கெல்லாம் இதுவே காரணம்.

முதலாவது, பிறப்பைப் பற்றிய பழி. பெங்களூர் நாகரத்தினம்மாள் பதிப்பித்த முத்துப்பழனியின் ‘ராதிகா ஸாந்த்வனம்’ என்னும் தெலுங்கு நூலை 1911-இல் ஆங்கில சர்க்கார் ஆபாசமென்று தடுத்தது. அத்தடை 1947-இல்தான் நீங்கிற்று. தேவதாசி குலத்தில் பிறந்த அவ்வம்மையாரே தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுத் திருவையாற்றில் தியாகராஜரின் சமாதியைக் கோயிலாக்கினார். அப்படியிருந்தும் ஆராதனையில் பெண்கள் பாடக்கூடாதென்று தடுத்தனர். 1946-இல் இடைக்கால சர்க்காரில் வானொலி இலாகாவை வகித்த சர்தார் படேலே, சொந்த வாழ்க்கை ஊர்ப்பேச்சாயுள்ள பெண்களுக்கு நிலையத்தில் இடமில்லையென விதித்தார். சர்தாரின் தேசத் தொண்டைத் தலைவணங்கிப் போற்றும் நாம், இவ்விஷயத்தில் அவருடன் ஒப்புதற்கில்லை. சங்கீதத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்களையே சங்கீதத்திலிருந்து விலக்கிய விதி அது.

இரண்டாவது, நியாயஸ்தலத்தில் சுமத்தப்படும் குற்றம். 1944-ஆம் வருஷத்துத் தீபாவளியில் வெளியான ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதே வருஷம் நவம்பரில் பத்திரிகையாசிரியர் லக்ஷ்மிகாந்தன் கத்தியால் குத்துண்டு இறந்தார். அவ்வழக்கில் எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் 1945-இல் ஆயுள் தண்டனை பெற்றனர். பிரிவி கவுன்ஸில் வரை சென்ற வழக்கு மறு விசாரணைக்கு வந்து, 1947-இல் இருவரும் விடுதலையாயினர். பாகவதர் சிறையிலிருந்தபோதும் அவர் படம் ஓடியதையும், ஜனங்கள் பாட்டைக் கைவிடாததையும் கவனிக்க வேண்டும். விடுதலைக்குப்பின் கிருஷ்ணன் பழைய புகழை மீட்டுக்கொண்டார். பாகவதரின் படங்களோ முன்போல் ஓடவில்லை. அவர் 1959-இல் காலமானார். ஒரே வழக்கு, ஒரே தீர்ப்பு, ஆனால் இருவருக்கும் வெவ்வேறு கதி! ஜனங்களின் விருப்பும் வெறுப்பும் எப்போதும் நியாயத்தைப் பின்பற்றி நடப்பவையல்ல என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

மூன்றாவது, கொள்கையைப் பற்றிய பழி. 2024 மார்ச்சு மாதத்தில் சென்னை மியூஸிக் அகாடமியார் ஸ்ரீ டி.எம். கிருஷ்ணாவுக்கு ‘சங்கீத கலாநிதி’ விருதை அறிவித்தவுடன், பிரபல வித்துவான்கள் சிலர் அவ்வருஷத்து மகாநாட்டில் கலந்துகொள்வதில்லையென அறிவித்தனர். வேறு பலர் அவரை ஆதரித்தனர். சர்ச்சை நியாயஸ்தலம் வரை சென்றது. எனினும் டிசம்பர் மாதத்தில் அவர் அகாடமி மேடையில் பாடியபோது மண்டபம் நிறைந்திருந்தது. அவருடைய சமூகக் கொள்கைகளை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் உரிமை. பாட மறுத்த வித்துவான்களின் உரிமையும் அத்தகையதே. ஆனால் கருத்து வேற்றுமையைக் குற்றமாகப் பாவித்து, தோடியின் தரத்தைப் பாடுபவரின் பிரசங்கத்தைக் கொண்டு அளப்பது ரசிகருக்கு அழகன்று.

நான்காவது, பிறருக்கு இழைத்த தீங்கைப் பற்றியது. இஃது ஏனைய மூன்றினும் வேறானது. 2018-இல் பல பெண்கள் முன்வந்து, பெயர் பெற்ற கலைஞர்கள் தம்மிடம் தகாதவாறு நடந்துகொண்டதாக முறையிட்டனர். அவ்வருஷம் அகாடமியார் ஏழு வித்துவான்களை டிசம்பர் கச்சேரிகளிலிருந்து நீக்கினர். “கலை வேறு, ஆள் வேறு” என்ற வாக்கியத்தை இங்கே சிலர் கேடயமாகப் பிடித்தனர். முறையீடு ருசுவாகுமுன் ஒருவரைக் குற்றவாளியெனக் கூறுதல் தவறே. ஆயினும் விசாரணையே வேண்டாமென்று பாட்டைக் காட்டி வாயடைத்தல் அதனினும் பெருந் தவறு. மேடையென்பது அதிகாரம். மேடையின் பெருமையைக் கண்டு அஞ்சியே சிஷ்யைகள் வாய்மூடியிருக்கின்றனர். நீண்டகாலத் தட்டைக் கேட்பதால் எவருக்கும் புதிய தீங்கு விளைவதில்லை. புதிய மேடையைக் கொடுப்பதால் விளையலாம். இவ்விரண்டிற்குமுள்ள வேற்றுமையை ரசிகர்கள் உணர்ந்தால் பாதிச் சண்டை தீரும்.

தீர்ப்பளிக்க வேண்டியவர் யார்? சர்க்கார் என்று கூறுவோமாயின், பழைய அனுபவத்தை நினைவூட்டுவோம். 1952-இல் மந்திரி கேஸ்கர் வானொலியில் சினிமாப் பாட்டைக் கட்டுப்படுத்தினார். ஜனங்கள் ஊசியைத் திருப்பி இலங்கை வானொலியைக் கேட்டனர். 1957-இல் விவித பாரதியைத் தொடங்க நேர்ந்தது. யந்திரத்தின் சொந்தக்காரரே தீர்ப்பளிக்கட்டும் என்போமாயின், அதுவும் சோதித்துப் பார்த்ததே. 2018 மே மாதத்தில் ஸ்பாட்டிபை கம்பெனியார் நடத்தை கெட்ட பாடகர்களைத் தம் சிபார்சுப் பட்டியலிலிருந்து விலக்குவதாக அறிவித்து, சில வாரங்களுக்குள் அவ்விதியைக் கைவிட்டனர். எவர் பாட்டு அடுத்து வரவேண்டுமென்பதை அந்நியக் கம்பெனியின் கணக்கு யந்திரம் நமக்காகத் தீர்மானிப்பது இன்றும் நடைபெறுகிறது. சுதேசி வேண்டுமென்று துணிக்காகப் போராடிய நாட்டில், செவியின் சுயராஜ்யத்தை இவ்வளவு இலேசாக விட்டுக்கொடுத்தல் தகுமா?

ஆகவே பொறுப்பு ரசிகரிடமே இருக்கிறது. காட்டாங்குளத்தூர் இரயிலில் தனித்தனியே கேட்டுக்கொண்டிருப்போருக்கு நாம் கூறுவது இதுவே. எதைக் கேட்பதென்பதை நீங்களே தெரிந்தெடுங்கள். பிறப்பினாலும் கொள்கையினாலும் எவரையும் தள்ளாதீர்கள். குற்றச்சாட்டை நியாயமாக விசாரிக்கும்படி சபைகளை வற்புறுத்துங்கள். தீங்குற்றவரின் குரலுக்கும், பாடுபவரின் குரலுக்குக் கொடுக்கும் செவியைக் கொடுங்கள். நல்ல கருவி வாங்கப் பணமிருந்தால் போதும். நல்ல ரசிகராவதற்கு நியாய புத்தியும் வேண்டும்.