அரசின்மைக் கொள்கை: கருத்துகளும் மறுப்புகளும்

நுழையும்முன்

சாலையில் இடப்பக்கமாகச் செல்கிறோம்; வரி செலுத்துகிறோம்; நீதிமன்றத் தீர்ப்புக்குக் கட்டுப்படுகிறோம். எதற்காகக் கட்டுப்பட வேண்டும் என்னும் வினா நம் மனத்தில் எளிதில் எழுவதில்லை. செங்கோல் எது, கொடுங்கோல் எது என ஆராய்ந்த சான்றோர் பலர். கோல் என்பதே தேவைதானா என வினவியோர் சிலரே. அச்சிலரின் சிந்தனையில் உருவானதே அரசின்மைக் கொள்கை. அதன் அடிப்படைக் கருத்துகளையும் அதற்கு எதிராக எழுப்பப்படும் மறுப்புகளையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

சொல்லும் பொருளும்

கலவரமும் சூறையாடலும் நிகழும்போது 'அராஜகம்' என்னும் சொல் செய்தித்தாள்களில் இடம்பெறும். அரசன் இல்லாத நிலை என்பதே அவ்வடசொல்லின் நேர்ப்பொருள். ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் 'அனார்க்கி' என்னும் சொல்லும், ஆள்வோர் இல்லாத நிலை எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து தோன்றியதே. அதுவும் காலப்போக்கில் குழப்பம் என்னும் பொருளில் வழங்கலாயிற்று. ஆள்வோர் இல்லையெனில் குழப்பமே மிஞ்சும் என்னும் நம்பிக்கை சொல்லின் பொருளுக்குள்ளேயே புகுந்துவிட்டமையை இவ்விரு சொற்களும் காட்டுகின்றன.

இந்நம்பிக்கையை மறுத்துரைத்தவர்களே அரசின்மையாளர்கள். இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் காட்வின் 1793-இல் வெளியிட்ட அரசியல் நீதி பற்றிய நூலில், மக்களின் அறிவு வளர வளர அரசின் தேவை குறைந்துகொண்டே வரும் என வாதிட்டார். ஆயினும், அரசின்மையாளர் என்னும் பெயரை அவர் சூட்டிக்கொள்ளவில்லை. வசைச்சொல்லாக வழங்கிய அப்பெயரைத் தம் கொள்கையின் பெயராகத் துணிந்து ஏற்றவர் பிரான்சு நாட்டின் பியர் ஜோசப் புரூதோன் (1809–1865). எளிய குடும்பத்தில் பிறந்து அச்சகத் தொழிலாளியாகப் பணியாற்றிய அவர், சொத்துரிமையை ஆராய்ந்து 1840-இல் வெளியிட்ட நூலில் தம்மை அரசின்மையாளர் என அறிவித்தார். வற்புறுத்தல் இன்றி மக்கள் தாமே அமைத்துக்கொள்ளும் ஒழுங்கையே அவர் அரசின்மை எனக் கருதினார்.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை மனங்கொள்ளுதல் வேண்டும். சமுதாயம் வேறு, அரசு வேறு. மொழி, குடும்பம், வணிகம், விழா, கூட்டுறவு ஆகியவை சமுதாயத்தில் தோன்றியவை. சட்டம் இயற்றி, மீறுவோரைத் தண்டிக்கும் உரிமை தனக்கு மட்டுமே உண்டு எனக் கூறும் அமைப்பே அரசு. அரசின்மையாளர் நீக்க விரும்புவது அரசையே, சமுதாயத்தை அன்று.

அடிப்படைக் கருத்துகள்

அரசின்மையாளர்கள் பல பிரிவினர். எனினும், நான்கு கருத்துகளில் அவர்களுள் பெரும்பாலோர் ஒன்றுபடுகின்றனர்.

முதலாவது, அதிகாரம் தன்னை நியாயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதாகும். கீழ்ப்படிய மறுப்பவர் காரணம் கூறவேண்டும் என்பது உலக வழக்கு. கீழ்ப்படியச் சொல்பவரே காரணம் கூறவேண்டும் என்பது இக்கொள்கை. இதனால் எல்லா வழிகாட்டுதலையும் இவர்கள் புறக்கணிக்கின்றனர் எனக் கருதலாகாது. காலணி செய்வதில் காலணித் தொழிலாளியின் சொல்லைத் தாம் மதிப்பதாக உருசியச் சிந்தனையாளர் மிகயில் பகூனின் (1814–1876) எழுதினார். மருத்துவர் தரும் அறிவுரையை ஆராய்ந்து ஏற்கலாம். வேறொரு மருத்துவரையும் நாடலாம். ஏற்காதவரைச் சிறையிலடைக்கும் ஆணையோ அறிவுரை ஆகாது. அறிவால் வரும் மதிப்பும் தண்டனையால் வரும் அச்சமும் வேறுவேறானவை.

இரண்டாவது, விருப்பக் கூட்டுறவு. சிறு குழுக்கள் தம் செயல்களைத் தாமே முடிவு செய்தல் வேண்டும். பெரிய பணிகளுக்கு அக்குழுக்கள் உடன்படிக்கையின்வழி ஒன்றிணைதல் வேண்டும். இதனைப் பீட்டர் குரொபோத்கின் (1842–1921) எடுத்துக்காட்டுகளால் விளக்கினார். ஐரோப்பாவில் ஒரு நாட்டில் புறப்படும் தொடர்வண்டி பல நாடுகளைக் கடந்து சென்றது. அதற்கென அனைவருக்கும் மேலான ஓர் அதிகாரம் இல்லை. வெவ்வேறு தொடர்வண்டி நிறுவனங்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடே போதுமானதாயிற்று. பிரித்தானியாவில் 1824-இல் தொடங்கப்பட்ட உயிர்காப்புப் படகு நிறுவனம் அவர் சுட்டிய மற்றொரு சான்று. புயலில் சிக்கிய கப்பலில் இருப்போரைக் காக்கத் தம் உயிரையும் பொருட்படுத்தாது கடலில் இறங்கியோர், எவருடைய ஆணைக்கும் அஞ்சி இறங்கியவர் அல்லர்.

மூன்றாவது, பரஸ்பர உதவி. உயர்குடியில் பிறந்து புவியியல் அறிஞராக விளங்கிய குரொபோத்கின், இளமையில் சைபீரியாவில் பணியாற்றினார். கடுங்குளிரில் விலங்குகள் ஒன்றையொன்று அழிப்பதைவிடக் கூடி வாழ்ந்தே பிழைப்பதை அங்குக் கண்டார். வலியது வாழும் என்பதே இயற்கையின் ஒரே விதி எனச் சிலர் கூறிவந்த காலத்தில், ஒத்துழைப்பும் உயிரினப் படிமலர்ச்சியின் ஒரு காரணி என 1902-இல் வெளிவந்த தம் நூலில் நிறுவ முற்பட்டார். மனிதர் கூடி வாழ்வதற்கு அரசின் அச்சுறுத்தல் தேவையில்லை என்பது அவர்தம் முடிவு.

நான்காவது, வழியும் முடிவும் ஒத்திருத்தல். தொழிலாளர் விடுதலையை நோக்கமாகக் கொண்டு 1864-இல் இலண்டனில் அனைத்துலகத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. அதில் காரல் மார்க்சுக்கும் பகூனினுக்கும் இடையே கருத்து மோதல் முற்றியது. தொழிலாளர் முதலில் அரசதிகாரத்தைக் கைப்பற்ற வேண்டும் என்றார் மார்க்சு. தொழிலாளர் பெயரால் ஆள்பவரும் நாளடைவில் ஆளும் வகுப்பாகவே மாறுவர் என்றார் பகூனின். 1872-இல் நடைபெற்ற ஹேக் மாநாட்டில் பகூனின் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார்.

இந்தியத் தொடர்பு

அரசின் அடிப்படை வன்முறையே எனவும், அதனை வன்முறையால் எதிர்ப்பது தவறு எனவும் உருசிய எழுத்தாளர் தோல்சுதோய் கருதினார். 1894-இல் வெளியான அவருடைய சமய நூலைத் தென்னாப்பிரிக்காவில் படித்த காந்தியடிகள் அதனால் பெரிதும் ஈர்க்கப்பட்டார். 1910-இல் ஜொகன்னசுபர்க் அருகே அமைந்த சத்தியாக்கிரகிகளின் குடியிருப்புக்குத் தோல்சுதோய் பண்ணை எனப் பெயரிடப்பட்டது. தமிழர் பலரும் அங்கு வாழ்ந்தனர். 1916 பிப்ரவரியில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் உரையாற்றியபோது, தாமும் ஓர் அரசின்மையாளரே எனவும், ஆயினும் குண்டு வீசுவோரின் வகையைச் சேர்ந்தவர் அல்லர் எனவும் அவர் கூறினார்.

சென்னையில் 1887-இல் பிறந்த எம்.பி.டி. ஆச்சார்யா இக்கொள்கையை வெளிப்படையாக ஏற்ற இந்தியர். பாரதியாரின் 'இந்தியா' இதழோடு தொடர்பு கொண்டிருந்த அவர், ஐரோப்பா சென்று விடுதலைப் பணியாற்றினார். 1920-இல் தாசுகண்டில் இந்தியப் பொதுவுடைமைக் கட்சி அமைக்கப்பட்டபோது அதில் பங்கேற்றார். பின்னர் அதிலிருந்து விலகி, அரசின்மைக் கொள்கையை இறுதிவரை எழுதிவந்தார்.

ஸ்பெயினில் நிகழ்ந்த சோதனை

இக்கொள்கை பேரளவில் செயல்வடிவம் பெற்ற இடங்களுள் ஸ்பெயின் குறிப்பிடத்தக்கது. அங்கு 1910-இல் தொடங்கப்பட்ட தேசியத் தொழிலாளர் கூட்டமைப்பு அரசின்மையாளரின் வலிமைமிக்க சங்கமாக வளர்ந்தது. 1936 ஜூலையில் படைத்தலைவர்கள் குடியரசுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தபோது, பார்சிலோனா நகரில் அவர்களைத் தோற்கடித்ததில் இச்சங்கத்தினர் பெரும்பங்கு வகித்தனர். அதன்பின் தெரு டிராம் வண்டிகள், ஆலைகள், திரையரங்குகள் முதலியவற்றைத் தொழிலாளர் குழுக்களே நடத்தின. அரகோன் பகுதியில் உழவர்கள் நிலங்களை ஒன்றுசேர்த்துப் பயிரிட்டனர். சில ஊர்களில் பணத்தின் வழக்கமே நிறுத்தப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் அங்குச் சென்ற எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல், உணவகப் பணியாளரும் வாடிக்கையாளரும் நிகராகப் பேசிக்கொண்டதை வியந்து எழுதினார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. போரின் தொடக்க மாதங்களில் பாதிரியார் பலரும் எதிரணியினர் எனக் கருதப்பட்டோரும் விசாரணையின்றிக் கொல்லப்பட்டனர். அதில் அரசின்மைக் குழுக்களுக்கும் பங்கிருந்தது. கூட்டுப் பண்ணையில் சேர விரும்பாத சிறு உழவர்கள் சில இடங்களில் வற்புறுத்தப்பட்டனர். 1936 நவம்பரில் இச்சங்கத்தினர் நால்வர் நடுவண் அரசில் அமைச்சராயினர். அவர்களுள் ஒருவரான பெதெரிகா மொந்செனி, ஸ்பெயினின் முதல் பெண் அமைச்சர் ஆவார். அரசே வேண்டா என்றோர், பகைவரை எதிர்க்க அரசில் இடம்பெற நேர்ந்தது. 1937 மே மாதத்தில் குடியரசு அணிக்குள்ளேயே தெருச்சண்டை மூண்டு இவர்களின் வலிமை குன்றியது. 1939-இல் தளபதி பிராங்கோவின் படைகள் நாட்டைக் கைப்பற்றின.

மறுப்புகளும் விடைகளும்

மனித இயல்பு: பொது அதிகாரம் இல்லையெனில் ஒவ்வொருவரும் மற்றவரோடு போரிடுவர் என ஆங்கிலேய அறிஞர் தாமசு ஹாப்சு 1651-இலேயே கூறினார். மனிதர் தன்னலமுடையோர் எனின், அதே மனிதருள் சிலரிடம் அனைத்து அதிகாரத்தையும் ஒப்படைப்பது எங்ஙனம் பாதுகாப்பாகும் என அரசின்மையாளர் வினவுவர். வினா கூரியதே. ஆயினும், ஆள்வோரை மாற்றும் தேர்தலும் தடுக்கும் நீதிமன்றமும் இருக்கையில் அதன் கூர்மை ஓரளவு மழுங்குகிறது.

பேரளவுப் பணிகள்: கொள்ளைநோயைத் தடுத்தலும் ஆற்றுநீரைப் பல கோடி மக்களுக்குப் பகிர்தலும் உடன்பாட்டால் மட்டும் இயலுமா என்பது அடுத்த மறுப்பு. உயிர்காப்புப் படகில் ஏற விரும்பாதவர் கரையில் நிற்கலாம். மேல்மடையில் உள்ளவர் தண்ணீர் விட விரும்பாவிடில் கடைமடையில் உள்ளவர் என் செய்வார்? கூட்டமைப்புகள் பேசித் தீர்க்கும் என்பது அரசின்மையாளரின் விடை. பேச்சு முறிந்தால் என்ன செய்வது என்பதற்கு அவர்களிடம் தெளிவான விடை இல்லை.

வன்முறை: 1894-இல் பிரான்சின் குடியரசுத் தலைவர் கார்னோ, 1900-இல் இத்தாலிய மன்னர் உம்பர்த்தோ, 1901-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் மெக்கின்லி ஆகியோர் அரசின்மையாளர் எனத் தம்மைக் கூறிக்கொண்டோரால் கொல்லப்பட்டனர். இது மறுக்கவொண்ணாத உண்மை. அதேபோல, 1886 மே 4 அன்று சிக்காகோ நகரக் கூட்டத்தில் குண்டு வீசியவர் யாரென அறியப்படாத நிலையிலும், அரசின்மையாளர் எண்மர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. நால்வர் தூக்கிலிடப்பட்டனர், ஒருவர் சிறையில் உயிர்நீத்தார். எஞ்சிய மூவரை 1893-இல் விடுவித்த மாநில ஆளுநர், அவ்விசாரணை நேர்மையற்றது என அறிவித்தார். எட்டு மணி நேர வேலை கோரிய அப்போராட்டத்தின் நினைவே மே நாள். கொலைகளுக்குக் கொள்கை முழுவதையும் பொறுப்பாக்குவதும், கொள்கைக்காகக் கொலைகளை மறைப்பதும் ஒருசேரத் தவறு.

எளியோர் பாதுகாப்பு: இதுவே எல்லா மறுப்புகளிலும் வலியது. அரசு விலகினால் அவ்விடத்தை நிரப்புவது சமத்துவமாகவே இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. ஊரின் பழைய மேலாண்மையாகவும் அது இருக்கலாம். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிருணய சபையில் பேசிய அண்ணல் அம்பேத்கர், கிராமத்தை அரசியலின் அடிப்படை அலகாகக் கொள்ளும் கருத்தை வன்மையாக மறுத்தார். தனிமனிதரையே அலகாகக் கொண்டமைக்கு மகிழ்ச்சி தெரிவித்தார். தீண்டாமையை ஒழித்த அரசமைப்பின் 17-ஆம் உறுப்பு, ஊரார் அனைவரும் உடன்பட்டு வந்ததன்று. உடன்படாதவரையும் கட்டுப்படுத்தும் சட்டம் அது. சாதி, ஆணாதிக்கம் முதலிய எல்லா ஆதிக்கங்களையும் தாம் எதிர்ப்பதாக அரசின்மையாளர் கூறுவர். அது உண்மையே. ஆயினும், ஆதிக்கம் செய்வோர் மனம் மாறும்வரை காத்திருக்க வேண்டியவர் ஒடுக்கப்பட்டோர் அல்லவா? அவர்களுக்குச் சட்டத்தின் துணை இன்றியமையாதது.

கொள்கையின் பயன்

அரசை முற்றும் நீக்குதல் இயலாது என்போரும் இக்கொள்கையிடமிருந்து கற்கத்தக்கது உண்டு. கூட்டுறவுச் சங்கம், தொழிற்சங்கம், இயற்கைப் பேரிடர் வேளையில் ஒன்றுகூடும் இளைஞர் குழு ஆகியவை ஆணைக்குக் காத்திராமல் மக்கள் செயல்படும் ஆற்றலுக்குச் சான்றுகள். ஓர் ஆணை பிறப்பிக்கப்படும்போது, அது யாரைக் காக்கிறது, யாரை அடக்குகிறது என வினவுதல் குடிமக்களின் கடமை. எளியோரைக் காக்கும் சட்டம் அவ்வினாவுக்குத் தயங்காமல் விடை கூறும். விடை கூற மறுக்கும் ஆணையே ஐயத்துக்குரியது. கோல் வேண்டும் என முடிவு செய்தவர்க்கும், அது எதற்காக வேண்டும் என்னும் வினா எஞ்சியே நிற்கிறது.

கற்பவை கற்றபின்

1. அறிவால் வரும் மதிப்புக்கும் தண்டனையால் வரும் அச்சத்துக்கும் உள்ள வேறுபாட்டை உம் பள்ளிச் சூழலிலிருந்து இரு எடுத்துக்காட்டுகள் தந்து விளக்குக.

2. ஸ்பெயின் நாட்டு நிகழ்வுகள் அரசின்மைக் கொள்கைக்கு ஆதரவானவையா, எதிரானவையா? வகுப்பில் இரு அணிகளாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.

3. கிராமத்தை அலகாகக் கொள்ளுதல், தனிமனிதரை அலகாகக் கொள்ளுதல் ஆகிய இரண்டின் நன்மை தீமைகளை அட்டவணைப்படுத்துக.

4. உம் ஊரில் அரசின் ஆணையின்றி மக்களே கூடி நிறைவேற்றிய பணி ஒன்றைப் பற்றி முதியோரிடம் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.