கைக்கு ஏற்ற கருவி

கணினி விளையாட்டில் திரையிலுள்ள உருவத்தை நகர்த்தும் பிடிக்கோலையே ஜாய்ஸ்டிக் என்கின்றனர். சிறுவர் கையில் வெறும் விளையாட்டுப் பொருளாகத் தோன்றினும், அதை வடிவமைப்பது எளிய பணியன்று.

1978இல் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட கோலைக் காண்போம். அதன் அடிப்பெட்டிக்குள் இருந்தவை ஐந்தே விசைகள்: திசைக்கொன்றாக நான்கு, சுடுவதற்கு ஒன்று. அடுத்தடுத்த இரு விசைகள் ஒருங்கே அழுந்தினால் மூலைத்திசை கிடைக்கும். ஆக, எட்டுத் திசைகள். எத்துணைச் சிக்கனம்! ஆயினும் சுடுவிசை இடப்பக்க மூலையில் மட்டுமே இருந்தது. வலக்கை கோலை அசைக்க, இடக்கைப் பெருவிரல் விசையை அழுத்த வேண்டும். இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைக்கு அது இடராயிற்று.

கைகளே இயங்காத பிள்ளை என் செய்யும்? 1989இல் நிண்டெண்டோ நிறுவனம் மார்பில் அணியும் கருவியொன்றை அளித்தது. கோலை மோவாயால் அசைக்கலாம். குழாயில் ஊதியும் உறிஞ்சியும் விசைகளை இயக்கலாம். 2018இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட கருவியின் பின்புறத்தில் 19 செருகுதுளைகள் உள்ளன. காலால் மிதிக்கும் விசையையும், முழங்கையால் அழுத்தும் விசையையும் அவற்றில் இணைக்கலாம்.

பெற்றோரே, உங்கள் இல்லத்தில் உடல் இயலாத பிள்ளை இருப்பின், எவ்வுறுப்பை அப்பிள்ளை தானே அசைக்கிறது என்பதை முதலில் உற்று நோக்குங்கள். நல்ல வடிவமைப்பு அங்கிருந்தே தொடங்குகிறது.