அந்தமானுக்குப் போக லட்ச ரூபாய் வேண்டுமா?

அந்தமான் என்றதும் நம்மில் பலருக்குப் புதுமணத் தம்பதிகள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். விமானம், கடலோர ஓட்டல், கண்ணாடிப் படகு என்று விளம்பரத்தில் பார்த்துவிட்டு, "இதெல்லாம் நமக்கு எங்கே!" என்று பக்கத்தைத் திருப்பிவிடுவோம். ஆனால், தாம்பரத்தில் வாடகை வீட்டில் குடியிருந்து, ஒருவர் சம்பளத்தில் இரண்டு குழந்தைகளைப் படிக்க வைக்கும் குடும்பமும் அங்கே போய் வரலாம், சகோதரிகளே! 2019 ஏப்ரலில் நாங்கள் ஐந்து பேர் போய் வந்தோம். எப்படி என்று சொல்கிறேன். உங்களில் யாருக்காவது உதவினால் எனக்குச் சந்தோஷம்.

நாங்கள் போனது கடற்கரையைப் பார்க்க மட்டும் அல்ல. என் மாமியாரின் தங்கை 1974ல் கல்யாணமாகிப் போர்ட் பிளேருக்குப் போனவர். அவருடைய கணவருக்குச் சாத்தம் மர அறுவை ஆலையில் வேலை. ஆரம்பத்தில் நாலைந்து வருடத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வந்துகொண்டிருந்தார்கள். குழந்தைகள், செலவு, உடம்பு என்று அது நின்று போயிற்று. கடைசியாக அக்காவும் தங்கையும் பார்த்துக்கொண்டது 1998ல். அப்புறம் போன்தான். போனை வைத்த பிறகு அத்தை கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார். "ரெண்டு பேருக்கும் வயசாயிடுச்சு. இனிமே எங்க பாக்கறது" என்பார். அவருக்கு 68 வயது, ரத்தக் கொதிப்பு, முழங்கால் வலி. இன்னும் எத்தனை வருடம் தள்ளிப்போடுவது?

பணம் எப்படிச் சேர்ந்தது?

சுற்றுலா ஏற்பாடு செய்பவர் ஒருவர் ஐந்து பேருக்கு 1,40,000 ரூபாய் ஆகும் என்றார். அதைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் பேச்சையே விட்டுவிட்டார். நான் விடவில்லை. பிளவுஸ் தைத்தும், புடவைக்கு ஃபால்ஸ் வைத்தும் வரும் காசில் மாதம் 2,500 ரூபாய் பாங்க் ஆர்.டி.யில் இரண்டு வருடம் போட்டேன். 60,000 ரூபாய் சேர்ந்தது. எங்கள் மொத்தப் பயணமும் அதற்குள் அடங்கவேண்டும் என்று தீர்மானம் செய்துகொண்டோம்.

அங்கே ஏன் எல்லாமே விலை அதிகம் தெரியுமா? அரிசி, பருப்பு, சிமெண்ட் என்று பெரும்பாலான சாமான்கள் கப்பல் ஏறித்தான் போகவேண்டும். தேங்காய், மீன், வாழைப்பழம் இவைதான் உள்ளூரில் தாராளம். ஆகவே, போய் வருகிற செலவைக் குறைத்து, அங்கே விளைவதைச் சாப்பிட்டு, மற்றதைக் கையோடு கொண்டுபோனால் பாதி மிச்சம்.

போவது கப்பல், வருவது விமானம்

சென்னைத் துறைமுகத்திலிருந்து போர்ட் பிளேர் சுமார் 1,190 கிலோமீட்டர். விமானத்தில் இரண்டே கால் மணி நேரம், கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். கப்பலில் டீலக்ஸ், முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, பங்க் என்று பிரிவுகள் உண்டு. பங்க் என்பது பெரிய ஹாலில் ரயில் பெர்த் மாதிரி மேலும் கீழும் படுக்கைகள். குளியலறை, கழிப்பறை பொது. எங்களுக்கு அதில் ஆளுக்குச் சுமார் 2,500 ரூபாய் ஆயிற்று. சாப்பாட்டுக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டும்.

மாதத்தில் சில நாட்கள்தான் கப்பல் உண்டு. வானிலையைப் பொறுத்து தேதி மாறவும் செய்யும். அதனால் போகும்போது கப்பல், வரும்போது விமானம் என்று வைத்துக்கொண்டோம். திரும்பும் விமான டிக்கெட்டை மூன்று மாதம் முன்பே, இரண்டு நாள் தாராளமாக விட்டு வாங்கினோம். ஆளுக்கு 5,200 ரூபாய். அவசரத்தில் வாங்கினால் இது இரண்டு மடங்குகூட ஆகும்.

தாம்பரத்துக்காரர்களுக்கு ஒரு சௌகரியம் பாருங்கள். மின்சார ரயிலில் ஏறிக் கடற்கரை ஸ்டேஷனில் இறங்கினால் துறைமுகம் பக்கம். திரும்பி வரும்போது விமான நிலையத்துக்கு எதிரே திரிசூலம் ஸ்டேஷன், அங்கிருந்து நாலாவது ஸ்டேஷனில் நம் வீடு. டாக்ஸிக்குச் செலவே இல்லை.

கப்பலில் உடம்பைப் பார்த்துக்கொள்வது

"ஏம்மா, என்னால முடியுமா?" என்று அத்தை பத்து தடவையாவது கேட்டிருப்பார். எங்கள் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். ரத்தக் கொதிப்பைப் பரிசோதித்துவிட்டு, "தாராளமாகப் போகலாம். மாத்திரை மட்டும் ஒரு வேளைகூட விடக்கூடாது" என்றார். பத்து நாளுக்குப் பதில் இருபது நாள் மாத்திரை வாங்கி, இரண்டு பைகளில் பிரித்து வைத்தேன். ஒரு பை தொலைந்தாலும் கவலை இல்லை அல்லவா? ஏணி ஏற முடியாதவர்களுக்குக் கீழ்ப் படுக்கை கேட்டு வாங்குவது முக்கியம்.

மார்ச், ஏப்ரலில் வங்கக் கடல் பொதுவாக அமைதியாக இருக்கும். இருந்தும் இரண்டாம் நாள் என் பையன் வாந்தி எடுத்தான். நம் உள்காது 'ஆடுகிறோம்' என்கிறது; அறைக்குள் இருக்கும் கண்ணோ 'எதுவும் ஆடவில்லை' என்கிறது. இந்தக் குழப்பம்தான் தலைசுற்றலுக்குக் காரணமாம். மேல்தளத்துக்கு அழைத்துப் போய்க் காற்றாட நிற்க வைத்து, தூரத்தில் கடலும் வானமும் சேரும் கோட்டைப் பார்க்கச் சொன்னேன். உப்பு, சர்க்கரைக் கரைசலை வாய் வாயாகக் கொடுத்தேன். சாயந்திரம் சரியாகிவிட்டான்.

வயிறு முட்டச் சாப்பிடவும் கூடாது, காலி வயிறாகவும் இருக்கக் கூடாது. இஞ்சி மொரப்பா கைவசம் இருக்கட்டும். வாந்தியைத் தடுக்கும் மாத்திரையைப் புறப்படுவதற்கு முன்பே போடவேண்டும், தூக்கம் வரும். இந்த மாத்திரைகளில் சில இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஆகவே ஆகாது. மற்றக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். கைக்குழந்தை உள்ளவர்கள் பங்க் வகுப்பில் போகவேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

நான் எடுத்துப் போனவை: புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு, எண்ணெய் பிசறிய இட்லி மிளகாய்ப்பொடி, தேங்குழல், பொரி உருண்டை, அவல். அத்தை தன் தங்கைக்கென்று வடு மாங்காயும் கூழ் வடாமும் தனியாக மூட்டை கட்டிக்கொண்டார்.

அங்கே போனதும்...

நாலாம் நாள் காலை ஹாடோ துறையில் கப்பல் நின்றது. சின்ன அத்தை மகனுடன் வந்திருந்தார். இருபத்தோரு வருடம் கழித்துப் பார்க்கிற அக்காவிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "முழங்கால் வலி எப்படி இருக்குக்கா?" என்பதுதான்! அத்தை பதில் சொல்லாமல் தங்கையின் நரைத்த தலையைத் தடவிக்கொண்டே நின்றார்.

சின்ன அத்தை வீடு சிறியது. அத்தையை அங்கே விட்டுவிட்டு, நாங்கள் நாலு பேர் அபர்டீன் பஜார் பக்கம் நாளுக்கு 1,200 ரூபாய் வாடகையில் ஒரு லாட்ஜில் தங்கினோம். தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. மொழிக் கஷ்டமே இல்லை. வெற்றிமலை முருகன் கோயிலில் போய் நின்றால் நம் ஊரில் இருப்பது போலத்தான் இருக்கிறது.

செல்லுலார் ஜெயிலை நடந்தே போய்ப் பார்த்தோம். 1896ல் ஆரம்பித்து 1906ல் கட்டி முடித்தது. ஏழு கிளைகளில் மூன்றுதான் மிஞ்சியிருக்கின்றன. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாத அந்தத் தனி அறைகளைப் பார்த்ததும் என் பெண் வாயடைத்துப் போனாள். சாத்தம் ஆலை 1883ல் ஏற்பட்டது. 1942ல் விழுந்த ஜப்பான் குண்டின் பள்ளத்தைக் காட்டுகிறார்கள்.

ஹாவ்லாக் தீவுக்குத் தனியார் சொகுசுப் படகு ஒன்றரை மணியில் போகும். அரசுப் படகு இரண்டரை மணி. டிக்கெட் விலையில் பெரிய வித்தியாசம். அடையாள அட்டையுடன் முன்கூட்டியே வரிசையில் நின்று அரசுப் படகுக்கு வாங்கிவிட்டோம். அங்கே பஸ் பிடித்து ராதாநகர் கடற்கரை. மாவாட்டம் வெள்ளை மணல், கரை வரை மரங்கள்! ஒரு ராத்திரி 1,500 ரூபாயில் தங்கினோம். 2018 டிசம்பரில்தான் அதற்கு ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றியிருந்தார்கள். 2024ல் போர்ட் பிளேரும் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. டிக்கெட் வாங்கும்போது இரண்டு பெயரும் தெரிந்திருப்பது நல்லது.

விடியற்காலை ஐந்துக்கே வெளிச்சம், சாயந்திரம் சீக்கிரம் இருட்டிவிடும். ஆகவே காலையில் சீக்கிரம் கிளம்புங்கள். குழந்தைகள் ஆசைப்பட்டாலும் சிப்பி, பவழம் எடுத்து வரக்கூடாது. ஜரவா பழங்குடியினரைப் போட்டோ எடுப்பது குற்றம். முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் தண்ணீரில் இறங்கவே இறங்காதீர்கள்.

அத்தை எங்கேயும் வரவில்லை. "எனக்கு எந்தத் தீவும் வேண்டாம்மா, இவ வீட்டுத் திண்ணையே போதும்" என்று சொல்லிவிட்டார். ஆறு நாளும் இரண்டு பேரும் கீரை ஆய்ந்துகொண்டும், பழைய கதை பேசிக்கொண்டும், சின்ன வயசுச் சண்டையைத் திரும்பப் போட்டுக்கொண்டும் இருந்தார்கள்.

எங்கள் செலவுக் கணக்கு

கப்பல் 12,500, விமானம் 26,000, தங்கியது 7,500, படகு, பஸ், ஆட்டோ 4,000, சாப்பாடு 6,000. ஆக மொத்தம் 56,000 ரூபாய். மீதியில் சின்ன அத்தைக்கு ஒரு புடவை. இது 2019 கணக்கு. இப்போது கட்டணங்களையும் கப்பல் தேதிகளையும் நன்றாக விசாரித்துக்கொண்டு திட்டம் போடுங்கள். வீட்டுக்காரர் மத்திய அரசில் வேலையாக இருந்தால் எல்.டி.சி. சலுகை உண்டா என்றும் கேட்டுப் பாருங்கள்.

அடுத்த வருடமே கொரோனா வந்து எல்லாம் நின்று போயிற்று. 2021ல் சின்ன அத்தை காலமாகிவிட்டார். கடைசி முகத்தை அத்தை செல்போனில்தான் பார்த்தார். அழுது ஓய்ந்த பிறகு, "போய்ப் பாத்துட்டு வந்தேனே, அந்த மட்டும் போதும்" என்றார்.

கையில் பணம் மிஞ்சினால் போகலாம் என்றிருந்தால், நம் போன்ற குடும்பங்களில் அது மிஞ்சவே மிஞ்சாது. எத்தனை தூரமாக இருந்தாலும் சரி, பார்க்கவேண்டிய மனுஷர்கள் உங்களுக்கும் இருப்பார்கள். முதலில் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் மாதாமாதம் சிறுகச் சிறுகச் சேருங்கள். வழி தானாகப் புலப்படும்.