கண்ணுக்குத் தப்பிய விரிசல்

மைசூரில் வாழும் தமிழன்பர்கள் அறிந்த செய்தி ஒன்று. வானொலி நிலையம் ஒன்றுக்கு 'ஆகாசவாணி' என்னும் பெயர் வழங்கியது அந்நகரிலேதான். மகாராஜா கல்லூரியில் உளநூற் பேராசிரியராக விளங்கிய எம். வி. கோபாலசாமி 1935ஆம் ஆண்டில் தம் இல்லத்தில் ஒரு சிறு நிலையத்தை அமைத்து அதற்கு அப்பெயரைச் சூட்டினார். பின்னர் அகில இந்திய வானொலியும் அதனை ஏற்றது. வானில் ஒலியைப் பரப்பியவர் மனித உள்ளத்தை ஆராய்ந்த அறிஞர் என்பது கருதத்தக்கது. வானில் பறக்கும் விமானத்தைப் பற்றிப் பேசப் புகும் நாமும் இன்று இயந்திரத்தைவிட மனித உள்ளத்தைப் பற்றியே மிகுதியாகப் பேச வேண்டியிருக்கிறது.

ஒவ்வொரு விமானமும் குறித்த காலத்தில் தவறாது சோதிக்கப்படுகிறது. சோதிப்பவர்கள் தேர்ச்சியும் உரிமமும் பெற்றவர்கள். அவ்வாறிருந்தும் பழுது எப்படித் தப்புகிறது?

1988ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள், ஹவாய்த் தீவுகளில் 95 பேருடன் பறந்த போயிங் 737 விமானம் ஒன்றின் மேற்கூரை, 24,000 அடி உயரத்தில் சுமார் 18 அடி நீளத்திற்குப் பிய்த்துக்கொண்டு போயிற்று. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். விமானிகளின் திறமையால் ஏனையோர் உயிர் பிழைத்தனர். அவ்விமானம் அதற்குள் 89,000 தடவைக்கு மேல் ஏறி இறங்கியிருந்தது. ஏறுந்தோறும் உள்ளிருக்கும் காற்றழுத்தத்தால் விமானத்தின் உடல் சிறிது விம்முகிறது; இறங்குந்தோறும் தளர்கிறது. கடற்காற்றின் உப்பும் சேர, தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளின் ஓரத்தில் மயிரிழை போன்ற விரிசல்கள் தோன்றியிருந்தன. பராமரிப்பு முறை அவற்றைக் கண்டுபிடிக்கத் தவறியதே விபத்தின் காரணம் என விசாரணையாளர் முடிவு கூறினர்.

அப்பரிசோதகரைச் சோம்பேறி என்று நாம் பழித்துவிடலாமா? அவருடைய வேலையைச் சற்று எண்ணிப் பார்ப்போம். சாரத்தின் மீது ஏறி நின்று, கையில் விளக்கேந்தி, ஆணி ஆணியாகப் பார்த்துச் செல்ல வேண்டும். நூறு ஆணிகளைப் பார்த்தும் விரிசல் இல்லை. ஆயிரம் பார்த்தும் இல்லை. அப்போது 'இனியும் இராது' என்று உள்ளம் தானே தீர்மானித்துவிடுகிறது. கண் திறந்திருக்கிறது, ஆயினும் காண்பதில்லை. இரண்டாம் உலகப் போரின்போது ரேடார் திரையை நோக்கியிருந்தவர்களின் கவனக் குறைவைப் பற்றி ஆராய்ந்த நார்மன் மாக்வொர்த் என்னும் ஆங்கில அறிஞர், அரை மணி நேரத்திற்குள்ளாகவே கூர்மை குன்றிவிடுவதைக் கண்டார். இது எவருடைய ஒழுக்கக் குறையும் அன்று, மனித இயல்பு.

அனுபவமும் சில வேளைகளில் நம்மை ஏமாற்றிவிடும். 1990ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமிலிருந்து புறப்பட்ட விமானம் ஒன்றின் முன்கண்ணாடி நடுவானில் பெயர்ந்தது. தலைமை விமானியின் உடலில் பாதி வெளியே இழுக்கப்பட்டது. பணியாளர்கள் அவருடைய கால்களைப் பற்றிக்கொள்ள, துணை விமானி சௌதாம்ப்டனில் இறக்கினார். அனைவரும் தப்பினர். அதற்கு முன் அக்கண்ணாடியை மாற்றியவர் அனுபவம் மிக்க மேற்பார்வையாளர். பட்டியலில் எண்ணைப் பாராமல், கழற்றிய பழைய போல்ட்டுடன் கண்ணளவாக ஒப்பிட்டே புதியவற்றைத் தேர்ந்தெடுத்தார். தொண்ணூறு போல்ட்டுகளில் 84 ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அளவே மெலிந்தவை. எஞ்சிய ஆறும் நீளம் குறைந்தவை. அவ்வேலையை மற்றொருவர் சோதிக்க வேண்டும் என்ற விதி அப்போது இல்லை.

இவற்றால் நாம் அறிவது யாது? 'கவனமாக இரு' என்று மட்டும் சொல்வது போதாது. கவனம் தளரும் என்பதை முன்னரே ஒப்புக்கொண்டு வேலையை வகுத்தல் வேண்டும். நல்ல வெளிச்சமும், போதிய உறக்கமும், இடையிடையே ஓய்வும் அவசியம். உயிர்நிலையான பாகங்களை இருவர் தனித்தனியே சோதிக்கும் இரட்டைச் சோதனை அவசியம். பணி மாறும்போது, முடிந்தது இது, எஞ்சியது இது என எழுதி ஒப்படைப்பதும் அவசியம். பல மொழியினர் கூடும் பட்டறையில் வாய்ச்சொல் திரிந்துவிடும். எல்லாவற்றினும் மேலாக, தவற்றைத் தானே வந்து சொல்பவருக்கு அச்சம் இருத்தல் ஆகாது. அமெரிக்காவில் 1976ஆம் ஆண்டு முதல் விமானத் துறையினர் தம் பிழைகளை இரகசியமாக அறிவிக்க ஓர் ஏற்பாடு நடைபெற்று வருகிறது. தண்டனைக்கு அஞ்சி மறைக்கப்படும் பிழை மீண்டும் நிகழும். கூறப்பட்ட பிழையோ பலருக்குப் பாடமாகும்.

மைசூர் ரயில்வே பட்டறை போன்ற இடங்களில் பணிபுரியும் நம்மவர்க்கும் இது பொருந்தும். சோதிக்காமல் இடும் கையொப்பம் பிறர் உயிரைப் பணயம் வைப்பதாகும்.

இறுதியாக ஒன்று. அந்த ஹவாய் விமானத்தில் ஏறும்போது, கதவருகே ஒரு விரிசலைப் பயணி ஒருவர் கண்டிருந்தார். ஆனால் எவரிடமும் கூறவில்லை. 'அவர்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரியும்?' என்ற தயக்கம் நமக்கும் எளிதில் வரக்கூடியதே. வேற்று மாநிலத்தில், பழகாத மொழியின் நடுவே, அத்தயக்கம் இன்னும் மிகும். ஆயினும் கண்டதைச் சொல்லிவிடுவோம். நாம் சொன்னது பிழையானால் ஒரு நிமிடம் வீணாகும். சொல்லாதிருந்தது பிழையானால் உயிர்களே வீணாகும்.