சந்தா முடிஞ்சாலும் பாட்டு போகாது: 'லாஸ்லெஸ்' இசையை எங்கே வாங்கி டவுன்லோட் செய்யலாம்?

மாசாமாசம் சந்தா கட்டி, செயலியில் நூற்றுக்கணக்கான பாடல்களை டவுன்லோட் செய்து வைத்திருப்போம். சந்தாவை நிறுத்தினால் அவை ஓடாது. சேவையே மூடப்பட்டாலும் அதே கதிதான். ஏர்டெல்லின் விங்க் மியூசிக் 2024-ல் மூடப்பட்டது நினைவிருக்கலாம். பாட்டு நம்ம கையிலேயே, அதுவும் தரம் குறையாமல் இருக்க என்ன வழி?

லாஸ்லெஸ் என்றால் என்ன?

எம்பி3, ஃபைல் அளவைக் குறைக்க காது எளிதில் கவனிக்காத ஒலித் தகவல்களை வெட்டிவிடும். வெட்டியது திரும்ப வராது. லாஸ்லெஸ் அப்படியில்லை. ஜிப் ஃபைல் மாதிரி சுருக்கி வைக்கும், திறக்கும்போது எதுவும் குறையாது. 2001-ல் வந்த ஃப்ளாக் இதில் பிரபலம். ஆப்பிளின் வடிவம் ஏலாக்.

4 நிமிடப் பாட்டு 320 கேபிபிஎஸ் எம்பி3-யில் சுமார் 10 எம்பி. சிடி தர ஃப்ளாக்கில் பெரும்பாலும் 25 எம்பியைத் தாண்டும்.

எங்கே வாங்கலாம்?

* பேண்ட்கேம்ப்: சுயாதீன இசைக்கலைஞர்கள் நேரடியாக விற்கும் தளம். ஒருமுறை வாங்கினால் ஃப்ளாக், ஏலாக், எம்பி3 என எந்த வடிவிலும் எடுக்கலாம். டிஜிட்டல் விற்பனையில் தளத்தின் பங்கு பொதுவாக 15 சதவீதம். மீதியில் கட்டணச் செலவு போக எல்லாம் கலைஞர் தரப்புக்கே.

* கோபஸ்: பிரான்ஸ் நிறுவனம். சந்தா இல்லாமலே ஆல்பம் வாங்கலாம். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் தரத்திலும் ஃபைல்கள் உண்டு. ஆனால் எல்லா நாடுகளிலும் சேவை இல்லை.

* ஹெச்டி டிராக்ஸ்: அமெரிக்கத் தளம். சிடியை விட உயர்தர ஃபைல்களுக்குப் பெயர் பெற்றது.

* பிரெஸ்டோ மியூசிக்: பிரிட்டன் கடை. மேற்கத்திய செவ்வியல் இசை, ஜாஸ் பிரியர்களுக்கானது.

ஐடியூன்ஸ் ஸ்டோரில் வாங்குவோர் கவனிக்கவும்: அங்கே விற்பது 256 கேபிபிஎஸ் ஏஏசி. அது லாஸ்லெஸ் கிடையாது.

தேடும் தமிழ்ப் பாட்டு கிடைக்கலையா?

ஒரிஜினல் சிடி இருந்தால் கவலை வேண்டாம். கணினியில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போன்ற இலவச மென்பொருள் மூலம் ஃப்ளாக்காக மாற்றிக்கலாம். சிடியில் இருக்கும் அதே தரம் அப்படியே கிடைக்கும்.

ஏமாறாமல் இருக்க...

எம்பி3-யை ஃப்ளாக்காக மாற்றினால் ஃபைல்தான் பெருசாகும், தரம் கூடாது. ஊர் பேர் தெரியாத தளங்களில் இப்படிப்பட்ட போலிகள் உலவுகின்றன. ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் ஃபைலைத் திறந்து பாருங்க. புதிய பாடலில் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கோடு போட்ட மாதிரி காலியாக இருந்தால் சந்தேகப்படலாம்.

இன்னொரு விஷயம், சாதாரண புளூடூத் இயர்போன் ஒலியை மறுபடி சுருக்கித்தான் அனுப்பும். முழுத் தரம் வேண்டுமென்றால் வயர் இயர்போனே நல்லது. வாங்கிய ஃபைல்களை ஹார்ட் டிஸ்க்கில் இன்னொரு காப்பி எடுத்து வெச்சுக்கோங்க. போன் தொலைந்தாலும் பாட்டு தொலையாது.