பெட்டியில் அச்சடித்த வாட்ஸ்

டிவிக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கும் சின்ன பிளக் பாயின்ட் தாங்குவது 6 ஆம்பியர். நம் ஊர் 230 வோல்ட்டால் பெருக்கினால் 1,380 வாட்ஸ். அதற்கு மேல் இழுத்தால் பிளக் சூடேறும், அல்லது மின்சாரம் துண்டாகும். கடையில் அடுக்கியிருக்கும் 5.1 ஹோம் தியேட்டர் பெட்டியில் '10,000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.' என்று கொட்டை எழுத்தில் பார்த்தால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அவ்வளவு திறன் நிஜமாக வெளியே வர, 43 ஆம்பியருக்கு மேல் உள்ளே போக வேண்டும். வீட்டில் ஆறு ஏசி ஒன்றாக ஓடும்போது ஆகும் மின்சாரம் அது. ஆற்றலை யாராலும் புதிதாக உண்டாக்க முடியாது. சுவரிலிருந்து வராதது ஸ்பீக்கரிலிருந்தும் வராது.

பி.எம்.பி.ஓ. என்பது 'உச்ச இசைத் திறன்' என்று சொல்லிக்கொள்ளும் ஓர் எண். அதை எப்படி அளப்பது என்று ஒப்புக்கொள்ளப்பட்ட தரநிலை எதுவும் கிடையாது. மின்தேக்கிகளில் சேர்ந்திருக்கும் ஆற்றல் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாகக் கொட்டும் உச்சத்தை எடுத்து, எல்லாச் சேனல்களையும் கூட்டி, அதற்கு மேலும் பெருக்கி எழுதலாம், கேட்பாரில்லை. ஒருவர் தம் கட்டி ஒரு நொடி தூக்கிப்பிடித்த மூட்டையின் எடையை, அவர் நாளெல்லாம் சுமக்கும் எடை என்று சொன்னால் எப்படியோ அப்படி. 'பி.எம்.பி.ஓ.வைப் பத்தால் வகுத்தால் நிஜ வாட்ஸ்' என்று சில கடைகளில் சொல்வார்கள். அதற்கும் அடிப்படை இல்லை. அளவுகோலே இல்லாத எண்ணை எதால் வகுத்தாலும் உண்மை கிடைக்காது.

இந்த வியாதி அமெரிக்காவையும் ஒரு காலத்தில் பிடித்திருந்தது. 1960களிலும் 70களின் தொடக்கத்திலும் அங்கே ஸ்டீரியோ விற்றவர்கள் 'உச்சத் திறன்', 'இசைத் திறன்' என்று ஆளுக்கொரு கணக்கில் வாட்ஸை ஊதிப் பெருக்கினார்கள். 1974-ல் அந்நாட்டு ஃபெடரல் டிரேட் கமிஷன் இதற்கென்றே ஒரு விதி கொண்டுவந்தது. ஆம்ப்ளிஃபயரைத் தொடர்ந்து ஓடவிட்டு, சூடேற்றி, அதன் பிறகுதான் அளக்க வேண்டும். ஸ்பீக்கரின் எந்த மின்தடையில் (ஓம்ஸ்), எந்த அதிர்வெண் எல்லைக்குள், எவ்வளவு ஒலிச்சிதைவோடு அந்தத் திறன் கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிறகும் ஓட்டைகள் இருந்தன. 2024-ல் விதியைத் திருத்தி, 8 ஓம்ஸ், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ், 1 சதவீதத்துக்கும் குறைந்த சிதைவு என்று நிபந்தனைகளையே நிர்ணயித்துவிட்டார்கள். ஒரு வாட்ஸ் எண் நேர்மையானதா என்று அறிய என்னென்ன கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பட்டியல் எனக்குத் தெரிந்து இல்லை.

நம் பக்கம் இப்போது பல பெட்டிகளில் ஆர்.எம்.எஸ். என்று போடுகிறார்கள். அது தொடர்ந்து தரக்கூடிய திறனைக் குறிப்பது, நல்ல மாற்றம்தான். ஆனால் கீழே பொடி எழுத்தில் '4 ஓம்ஸ், 1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீத டி.எச்.டி.' என்று இருக்கும். அந்தப் பொடி எழுத்தில்தான் விஷயமே இருக்கிறது. டி.எச்.டி. என்பது ஒலிச்சிதைவு. ஆம்ப்ளிஃபயர் தன் எல்லையைத் தொட்டதும் ஒலி அலையின் முகடு வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். பத்து சதவீதச் சிதைவு என்றால் பாடகரின் குரல் கிழிந்து கேட்கும் நிலை. யாரும் அப்படி வைத்துக் கேட்பதில்லை. ஒரு சதவீதத்திலிருந்து பத்து சதவீதத்துக்குச் சிதைவை அனுமதித்தால் எண் கால் பங்குக்கு மேல் கூடிவிடும். ஆகவே இந்த நிபந்தனையில் 100 வாட்ஸ் என்றால், சுத்தமான ஒலியில் 80-க்கும் கீழே. 1 கிலோஹெர்ட்ஸ் என்பது ஆம்ப்ளிஃபயருக்குச் சுலபமான இடம். 40 ஹெர்ட்ஸ் பாஸில்தான் அதன் பவர் சப்ளை திணறும். ஒரே ஆம்ப்ளிஃபயர் 8 ஓம்ஸில் தருவதைப்போல 4 ஓம்ஸில் ஏறக்குறைய இரண்டு மடங்கு தரக்கூடும். போதாக்குறைக்கு, ஒரு சேனலை மட்டும் ஓட்டி அளந்துவிட்டு அதை ஐந்தால் பெருக்கும் வழக்கமும் உண்டு.

எண்ணைச் சோதிக்கக் கடையிலேயே ஒரு வழி இருக்கிறது. செட்டின் பின்பக்கம் மின் நுகர்வு எத்தனை வாட்ஸ் என்று ஒட்டியிருப்பார்கள். இதை நேரடியாக ஒலித்திறனோடு ஒப்பிடக் கூடாது. ஏனென்றால் சர்வதேசப் பாதுகாப்புத் தரநிலையின்படி அந்த நுகர்வை, ஆம்ப்ளிஃபயரை முழுத்திறனின் எட்டில் ஒரு பங்கில் ஓட்டித்தான் அளக்கிறார்கள். பாட்டிலும் படத்திலும் சத்தம் ஏறி இறங்குவதால் சராசரி அவ்வளவுதான் இருக்கும் என்ற அனுமானம். எனவே பெட்டியில் உள்ள ஆர்.எம்.எஸ். எண்ணை எட்டால் வகுங்கள். 1,000 வாட்ஸ் என்றால் 125. பின்பக்கம் நுகர்வு 60 வாட்ஸ் என்று இருந்தால் பெட்டியில் உள்ள எண் பொய். உள்ளே வெப்பமாக வீணாகும் பங்கைக்கூட இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை.

அசெம்பிள் செட்டுகளில் இந்த ஒட்டுச்சீட்டு இருக்காது. ஆனால் அங்கே இன்னும் நேரடியாகவே கணக்குப் போடலாம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ உங்கள் ஊர் எலெக்ட்ரானிக்ஸ் கடையிலோ மூடியைக் கழற்றிக் காட்டச் சொன்னால் காட்டுவார்கள். முதலில் டிரான்ஸ்பார்மர். '12-0-12, 5 ஆம்பியர்' என்று எழுதியிருந்தால் இரண்டு பக்கமும் சேர்த்து 24 வோல்ட், பெருக்கினால் 120. இதில் டையோடு, மின்தேக்கி வழியே போகும்போது ஒரு பகுதி போய்விடும். மிச்சத்தில் கணிசமான பங்கு ஹீட்சிங்க்கைச் சூடாக்கிவிட்டு மீதி ஸ்பீக்கருக்கு வரும். எல்லா ஸ்பீக்கருக்கும் சேர்த்துத் தொடர்ந்து கிடைப்பது சுமார் 50 வாட்ஸ்தான்.

அடுத்து, ஒலியைப் பெருக்கும் சிப்பான ஐ.சி.யைப் பாருங்கள். நம் ஊர் மெக்கானிக்குகளின் கைராசி ஐ.சி. 4440. அதன் தயாரிப்பாளர் தரவுத்தாளிலேயே இரண்டு சேனலுக்கும் தலா 6 வாட்ஸ், இரண்டையும் சேர்த்து ஒரே ஸ்பீக்கரை ஓட்டினால் 19 வாட்ஸ் என்றுதான் இருக்கிறது. 5.1 போர்டுகளில் அதிகம் காணப்படும் டி.டி.ஏ.2030-க்கு 4 ஓம்ஸில் 14 வாட்ஸ். ஆறு ஐ.சி. இருந்தால் 84. டிரான்ஸ்பார்மர் 50 வாட்ஸுக்கே வழிவிட்டால் இந்த 84-ம் நொடிநேரம் எட்டும் உச்சம்தான். இதில் குறை சொல்ல எதுவும் இல்லை. சுத்தமாக அசெம்பிள் செய்த 4440 போர்டும் நல்ல மரப்பெட்டியில் ஒரு ஸ்பீக்கரும் டீக்கடைகளை, சலூன்களைப் பல வருடம் பாடவைத்திருக்கின்றன. ஆறு வாட்ஸில்.

அந்த ஆறு வாட்ஸ் எப்படிப் போதுமானதாக இருந்தது? காது வாட்ஸை நேர்க்கணக்கில் கேட்பதில்லை. திறனை இரண்டு மடங்காக்கினால் சத்தம் 3 டெசிபல் கூடும். 'கொஞ்சம் ஏற்றியிருக்கிறார்கள்' என்று தெரியும், அவ்வளவே. இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றவே 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ் தேவை. 50 வாட்ஸ் செட்டுக்கும் 100 வாட்ஸ் செட்டுக்கும் நடுவே விலை எவ்வளவு எகிறினாலும், காதுக்கு இருப்பது அந்த 3 டெசிபல்தான்.

இதைவிடப் பெரிய வித்தியாசத்தைத் தருவது ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறது என்பதே அது. 84 டெசிபல் ஸ்பீக்கரையும் 90 டெசிபல் ஸ்பீக்கரையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவது 100 வாட்ஸ் தின்று எழுப்பும் சத்தத்தை இரண்டாவது 25 வாட்ஸில் எழுப்பிவிடும். மலிவு விலைப் பெட்டிகளில் வாட்ஸைப் பெரிதாக அச்சடிப்பவர்கள் இந்த எண்ணைப் பெரும்பாலும் அச்சடிப்பதே இல்லை. வாங்குபவர் கேட்கத் தொடங்கினால் அச்சடிப்பார்கள் என்று நம்புகிறேன், அதனால் கேளுங்கள். பன்னிரண்டுக்குப் பதினைந்தடி ஹாலுக்கு, சென்சிடிவிட்டி 88-ஐ ஒட்டிய ஸ்பீக்கரோடு சேனலுக்கு நேர்மையான 20 வாட்ஸ் இருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டும் அளவுக்குச் சத்தம் வரும்.

5.1 என்ற எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். படத்தில் ஆறு தடங்களாகப் பதிந்த ஒலியைப் பிரித்தெடுக்க டால்பி டிஜிட்டல் டீகோடர் வேண்டும். டிவியிலிருந்து அது வந்துசேர எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. அல்லது ஆப்டிகல் இணைப்பு வேண்டும். வெறும் ப்ளூடூத்தும் யூ.எஸ்.பி.யும் எஃப்.எம்.மும் மட்டும் உள்ள செட்டில் ஐந்து ஸ்பீக்கர் இருந்தாலும், இரண்டு தட ஒலியைத்தான் ஐந்துக்கும் பங்கிட்டுத் தரும். கையடக்கச் சின்ன ஸ்பீக்கர்களில் ஆண்குரலின் அடிப்பகுதி மெலிந்துவிடும். அதை சப்-ஊஃபர் இழுத்துப்போட்டுக்கொள்வதால் வசனம் மூலையிலிருந்து வருவதுபோல் இருக்கும். குறைந்த பணத்தில் ஐந்து சின்ன ஸ்பீக்கர்களைவிட, ஐந்தங்குலத்துக்குக் குறையாத ஊஃபர் கொண்ட இரண்டு நல்ல ஸ்பீக்கர்களை வாங்குவதே மேல் என்பேன். பணம் சேர்ந்த பிறகு மற்றவை.

கடையில் கேட்டுப் பார்க்கும்போது அவர்கள் போடும் டமால் டுமீல் டெமோவை நிறுத்தச் சொல்லுங்கள். உங்களுக்கு மனப்பாடமான, குரல் முன்னே நிற்கும் ஒரு பாட்டைப் போட்டு, பாஸ், ட்ரெபிள் இரண்டையும் நடுவில் வைத்து வால்யூமை மெல்ல ஏற்றுங்கள். குரல் கரகரக்கத் தொடங்கும் இடம்தான் அந்த செட்டின் நிஜமான எல்லை. அதற்கு ஒரு படி கீழே வைத்து பத்து நிமிடம் ஓடவிட்டு ஆம்ப்ளிஃபயரின் மூடியைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு கூடாது. கடை பெரும்பாலும் உங்கள் ஹாலைவிட அகலம், கதவும் திறந்தே இருக்கும். பாஸ் அங்கே குறைவாகத் தெரிந்தால் கவலை வேண்டாம். வீட்டில் சப்-ஊஃபரைச் சுவர் மூலையில் வைத்தால் இரண்டு சுவர்களும் தரையும் சேர்ந்து பாஸைக் கூட்டித் தரும். பொம்மென்று அடைத்தால் மூலையிலிருந்து ஓரடி முன்னே இழுத்து வையுங்கள்.